ஊழியம் என்னும் சொல்

(திருவட்டாற்றில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 தென் திருவிதாங்கூரிலே சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைகள் வளர்ந்த வரலாற்றைக் குறித்துச் சில சொல்லவேண்டுமெனச் சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இச்சங்கத்தில் திருநீறு பூசுவோர் உளர். நாமந் தரிப்போர் உளர். அய்யா வழியினர் உளர். ஞாயிறுதோறும் வேதக்கோயிலுக்குச் செல்வோரும் உளர். ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர் இருவேறு கோயில்களுக்குச் செல்வது நம் நாட்டில் புதுமையன்று. ஆதலின், எச்சமயம் மெய்ச்சமயம் என்னும் வாதத்துக்கு இங்கே இடமில்லை. எழுத்தும் நிலமும் மறுக்கப்பட்ட எளிய மக்கள் எவ்வாறு பள்ளியும் கோயிலும் மருத்துவசாலையும் உடையராயினர் என்பதே நாம் ஆராயப் புகும் பொருள். அது நம் எல்லார்க்கும் பொதுவான சரித்திரம்.

தமிழ்ப் பண்டிதர்க்குச் சொல்லாராய்ச்சியே கைவந்த தொழிலாகலின், ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம். அச்சொல் ‘ஊழியம்’ என்பது. இன்று ஒரு கிறிஸ்தவர் ‘ஊழியம் செய்கின்றார்’ என்றால், இறைவனுக்கும் சபைக்கும் தொண்டு புரிகின்றார் என்றே பொருள் கொள்வோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே இதே ஊரில் ‘ஊழியத்துக்குப் போனான்’ என்றால், கூலியின்றிச் சர்க்கார் வேலைக்கும் தேவஸ்வ வேலைக்கும் இழுத்துச் செல்லப்பட்டான் என்பதே பொருள். ஒரு சொல் கண்ணீரின் பொருளினின்று பெருமையின் பொருளுக்கு வந்தது எங்ஙனம்? அவ்வழியைக் காட்டுவதே இவ்வுரை.

முதற்கண் பழைய ஊழியத்தைப் பார்ப்போம். பனையேறும் நம் முன்னோர் தலைவரி கொடுத்தனர். ஏணிக்கு ஏணிக்காணம், காலிற் பூட்டும் தளைக்குத் தளைக்காணம் எனத் தொழிற்கருவிக்கும் வரி கொடுத்தனர். இவற்றின்மேலும் ஓலையும் விறகும் காய்கறியும் சுமந்து கூலியின்றி ஊழியஞ் செய்தனர். குடை பிடித்தல் ஆகாது, செருப்பணிதல் ஆகாது, பொன்னகை பூணுதல் ஆகாது, ஒருநிலைக்கு மேற்பட வீடு கட்டுதல் ஆகாது, பெண்டிர் இடுப்பிலே குடந் தாங்குதலும், மார்பை மறைத்து மேலாடை உடுத்தலும் ஆகாது. பறளியாறு சூழ்ந்த இவ்வூரில், ஆழ்வார் பாடிய ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் திருக்கோயிலுக்குள் நம்மவர் தடையின்றிப் புகுந்து வணங்கும் உரிமை, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேச விளம்பரத்தினாலேயே வந்தது. நம்மினும் கீழே வைக்கப்பட்ட சாம்பவரும் புலையரும் பட்ட பாடு இதனினும் கொடிது. அவர்களுள் பலர் நிலத்தோடு விற்கவும் வாங்கவும் பெற்ற அடிமைகளாக இருந்தனர்.

நிற்க. சபை வரலாறு மயிலாடியிலே தொடங்குகின்றது. அதனைத் தொடங்கியவர் ஐரோப்பியர் அல்லர் என்பதை நம் பிள்ளைகள் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும். மயிலாடியிலே மகாராசன் என்னும் சாம்பவ குலத்து உழவர் ஒருவர் இருந்தார். தில்லைக்கூத்தனைத் தரிசிக்கச் சிதம்பரம் யாத்திரை சென்ற அவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ உபதேசத்தைக் கேட்டு, அங்கே கோலாப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் மீண்டார். உற்றாரைத் தாமே கூட்டிப் போதித்தார். பின்னர்த் தம் நாட்டுக்கு ஒரு போதகரை அனுப்புமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனாகவே வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே ஐயர் 1806-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் வந்தார்.

ரிங்கல்தௌபே ஐயர் சைலீசியாவிற் பிறந்த ஜெர்மானியர். ஹாலே நகரத்திற் கற்றவர். 1795-இல் இலண்டனில் நிறுவப்பெற்ற மிஷனெரி சங்கத்தின் சார்பாக 1804-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் பயின்றவர். ரெசிடெண்டு மெக்காலே துரையின் உதவியால் 1809-இல் மயிலாடியில் முதற்கோயில் எழுந்தது. பின்னர்த் தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சிறு கோயில்கள் தோன்றின. ஐயர் தமக்கு வரும் சம்பளத்தைப் பிறர்க்கு ஈந்துவிட்டு, நாட்டுத் துணி உடுத்து, ஓலைத் தொப்பி அணிந்து வாழ்ந்தார். வரியினின்றும் ஊழியத்தினின்றும் தப்பும் ஆசையினாலே பலர் தம்மிடம் வருதலை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆதலின் வந்தவரையெல்லாம் உடனே சேர்த்துக்கொள்ளாமல், காத்திருந்து சோதித்தே சேர்த்தார்.

1816-இல் அவர் உடல்நலங் குன்றி நாட்டை விட்டுப் புறப்பட்டார். கடலேறிய பின் அவர் முடிவு யாதாயிற்று என்பதை உலகம் அறியவில்லை. புறப்படுங்கால் சபைகளை யாரிடம் ஒப்புவித்தார்? வேதமாணிக்கத்தினிடமே ஒப்புவித்தார். அடுத்த மிஷனெரி வந்தது 1818-இல். இடைப்பட்ட காலத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் இல்லாமல், ஒரு சாம்பவப் பெரியவரே சபைகளைச் சிதறாமற் காத்தார். இதனை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லுகின்றோம். காரணம் பின்னே விளங்கும்.

1818-இல் சார்லஸ் மீட் ஐயர் வந்தார். 1819 முடிவில் மால்ட் ஐயரும் அவர் மனைவியாரும் வந்தனர். கௌரி பார்வதி பாயி ராணியார் நாகர்கோவிலில் ஒரு பங்களாவையும், பள்ளியின் செலவுக்கு நிலம் வாங்க 5,000 ரூபாயையும் அளித்தனர். இந்து ராணியார் ஒருவர் அளித்த வயலின் விளைவிலே கிறிஸ்தவப் பள்ளி நடைபெற்றது என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அப்பள்ளியே வளர்ந்து 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. மீட் ஐயர் அச்சுக்கூடம் ஒன்றும் நிறுவினார்; மால்ட் அம்மையார் பெண்மக்களுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். அத்தொழிலில் வந்த வருவாய், அடிமைச் சிறுமியர் சிலர் தம் விடுதலைக்கு விலை கொடுக்கவும் பயன்பட்டது.

மீட் ஐயர் வந்த சிறிது காலத்திற்குள் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சபையை நாடி வந்தனர். அவர்களுள் பெரும்பாலார் நம் குலத்தார். இவர்கள் ஏன் வந்தனர்? இவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூறவேண்டும். கர்னல் மன்றோ துரை அப்போது ரெசிடெண்டாக இருந்தார். அவர் முயற்சியால் மீட் ஐயரே நாகர்கோவில் நீதிமன்றத்தில் நியாயாதிபதியாகவும் சில காலம் அமர்ந்தார். போதகரும் நீதிபதியும் ஒருவரேயானால் நலிந்தவர் அவரிடம் ஓடுவர் என்பதில் வியப்பென்ன? இலண்டனிலிருந்த சங்கத்தார் இதனை ஒவ்வாமையால் அவர் அப்பதவியைத் துறந்தார். நிழலுக்கு வந்தவர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுவதும் இல்லை. உச்சி வெயிலில் நின்றவன் நிழலைத் தேடுவது குற்றமாகாது. அவ்வாறு வந்தவர் ஆங்கே என்ன கட்டினர் என்பதே ஆராய்தற்குரியது.

அக்காலத்தே நிழல் தேடியவர் எல்லாரும் ஒரே மரத்தடிக்குச் செல்லவில்லை. சாமித்தோப்பிலே அய்யா வைகுண்டர் அதே துயரைக் கண்டு, அதே வரியையும் ஊழியத்தையும் கண்டித்து, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடுமாறு மக்களுக்குக் கற்பித்தார். நோய் ஒன்று, மருந்து இரண்டு. ஆதலின் ஒருவர் பாட்டனாரை மற்றொருவர் இகழ்தல் தகாது.

இனி, சபைகள் வளர்ந்த முறையைக் கூறுவோம். இலண்டன் சங்கத்தார் தொடக்கத்திலேயே ஒரு நியமம் வகுத்துக்கொண்டனர். மேற்றிராணிமார் ஆளுவதோ, மூப்பர் ஆளுவதோ, சபையாரே ஆளுவதோ என்னும் ஆட்சிமுறை எதனையும் பிற நாட்டார் தலையிற் சுமத்துதல் கூடாது. நற்செய்தியை மட்டும் சொல்லவேண்டும். சபை எவ்வாறு நடைபெறல் வேண்டும் என்பதை ஆங்காங்கே சேர்ந்தவரே தீர்மானிக்கவேண்டும் என்பதே அது. நடைமுறையில் மிஷனெரிமாரின் கை நெடுங்காலம் ஓங்கியே இருந்தது. ஆயினும் விதை அந்நியமத்திலே இருந்தது.

ஒரு மிஷனெரி ஐம்பது ஊர்களுக்குப் போதகர் எனப்பட்டால், அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் எத்தனை நாள் வரக்கூடும்? மற்றை நாள்களிலெல்லாம் சபையை நடத்தியவர் உபதேசியார். அவர்க்குத் துணை வாசகர், சிறுவர்க்கு உபாத்தியாயர், வீடு வீடாகச் சென்று பெண்டிர்க்கு எழுத்தும் வேதமும் கற்பித்தவர் வேதாகமப் பெண்கள். ஓலை வேய்ந்த மண்சுவர்க் கூடம் ஒன்று. கிழமை நாள்களில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையில் அதுவே கோயில். உபதேசியார் குறித்த நாளில் நாகர்கோவிலுக்கோ நெய்யூருக்கோ நடந்து சென்று, ஊர் நிலைமையை ஒப்பித்து, அடுத்த பாடத்தைக் கற்றுத் திரும்புவார். இங்ஙனம் கற்பவரே கற்பிப்பவராகவும் இருந்தமையால், கல்வி ஓர் இடத்தில் தேங்காமல் வாய்க்கால் நீர்போற் பரவிற்று. 1866-இல் இந்நாட்டவர் சிலர் குருப்பட்டம் பெற்றுச் சபைகளின் ஐயர்மாராயினர்.

பணம் எங்ஙனம் வந்தது? தொடக்கத்தில் இலண்டனிலிருந்து வந்தது உண்மை. ஆயினும் ‘பிடியரிசி’ என்னும் வழக்கத்தை நம் தாய்மார் அறிவர். உலையிலிடும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்திலிட்டு வைத்து, வாரந்தோறும் சபைக்குக் கொடுத்தலே அது. அறுப்பின் பண்டிகையன்று வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் முட்டையும் கோயிலுக்கு வரும்; அவற்றை ஏலமிட்டுப் பணமாக்குவர். ஒருபிடி அரிசியால் ஒரு குடும்பம் ஏழையாவதில்லை. நூறு குடும்பம் கொடுத்த பிடியரிசியால் ஓர் உபாத்தியாயர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதனைச் செய்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. துரைமார் பெயர் கல்லிலே வெட்டப்பட்டுள்ளது; கலயத்தில் அரிசியிட்ட பாட்டிமார் பெயரோ அடுப்புப் புகையோடு போயிற்று.

இவ்வளர்ச்சி அமைதியாக நடந்ததன்று. பள்ளிக்குச் சென்ற பெண்கள் மார்பை மறைத்து உடுத்தத் தொடங்கியபோது 1820-களிலே தெருக்களில் ஆடை கிழிக்கப்பட்டது. பள்ளிகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. 1829-இல் வெளிவந்த இராஜ விளம்பரம் குப்பாயம் அணிய மட்டும் இடந்தந்து, மேற்குலத்தார் போலத் தோள்சீலை அணிதலைத் தடுத்தது. 1858 முடிவிலும் 1859-இலும் கலகம் மீண்டும் மூண்டது. கோயில்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் துரை வற்புறுத்த, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா தடையை நீக்கினார். அப்போதும் மேற்குலத்தார் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்றே நிபந்தனை இருந்தது. மற்றைத் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்டிர்க்கு அவ்வுரிமை வர மேலும் சில ஆண்டுகள் சென்றன. கிறிஸ்தவப் பெண்டிர் தொடங்கிய இப்போரின் பயனை நம் குலத்து இந்துப் பெண்டிரும் ஒருங்கே பெற்றனர். அடிமை முறையை ஒழிக்கவேண்டுமென மிஷனெரிமார் 1847-இல் மகாராஜாவுக்கு விண்ணப்பஞ் செய்தனர். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

மருத்துவத் தொண்டையும் சுருங்கச் சொல்வோம். 1838-இல் இராம்சே என்னும் வைத்தியர் நெய்யூருக்கு வந்தார். பின்வந்த லீச் வைத்தியர் 1854-இல் முட்டத்துக் கடலில் மூழ்கி இறந்தார். 1860-களில் லோ வைத்தியர் நம் நாட்டு இளைஞரையே சேர்த்து வைத்தியங் கற்பித்தார்; அவர்கள் கிளை மருத்துவசாலைகளில் அமர்ந்து ஊரார்க்குப் பணி செய்தனர். எவரெஸ்டு மலையேறும் கூட்டத்தோடு 1922-இல் வந்த சோமர்வெல் வைத்தியர், நெய்யூரில் நோயாளர் திரளையும் வைத்தியர் குறைவையும் கண்டு, இலண்டன் பதவியை விட்டு இங்கேயே தங்கிப் பல்லாண்டு சத்திரசிகிச்சை செய்தார். அண்டையிலுள்ள மார்த்தாண்டத்திலே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார், ஸ்பென்சர் ஹாச் என்பவர் தலைமையில் கிராம புனருத்தாரண நிலையம் அமைத்து, தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் சமய வேற்றுமையின்றிக் கற்பித்தனர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நீவிர் அறிவீர்.

ஈற்றில் தாய்ச்சங்கம் தன் கையை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையும் அமைந்தன. மேற்றிராணிமாருடைய சபையாரும், மூப்பர் ஆட்சியினரும், சபையாட்சியினரும், மெதடிஸ்டுகளும் ஒன்றாகக் கூடியது உலகமே வியந்த செய்தி. 1956 நவம்பர் 1-இல் இம்மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனித்து அமைந்தது. 1977-இல் இலண்டன் சங்கம் உலக மிஷன் கவுன்சில் என மாறி, முன்னே உதவி பெற்ற சபைகளும் சமமாக அமரும் அவையாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய 47 சதவீதத்தினர் கிறிஸ்தவர். கடற்கரைக் கத்தோலிக்கரும் மற்றைச் சபையாரும் இத்தொகையில் அடங்குவர். எழுத்தறிந்தோர் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர்.

இம்மட்டும் கேட்பதற்கு இனிதாயிருந்தது. இனிச் சொல்லப்போவது அத்துணை இனிதன்று. ஆயினும் சொல்லாது விடுதல் நேர்மையன்று.

சபை என்னும் கதவைத் திறந்தவர் ஒரு சாம்பவர் என்று முன்னே அழுத்திச் சொன்னோம். அக்கதவின் வழியே நாம் திரளாகப் புகுந்தோம். பின்னர்ச் சாம்பவரும் புலையரும் வந்தபோது, நம்மவர் பலர் அவரோடு ஒரே பாயில் அமர மறுத்தனர். அவர்க்குத் தனிக்கூடம் வேண்டுமென்றனர். மீட் ஐயர் 1850-களின் தொடக்கத்தில் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றிய கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்தார். உடனிருந்த மிஷனெரிமாரே முகஞ் சுளித்தனர். நம் குலத்துக் கிறிஸ்தவரும் அவரோடு சேர்ந்து வெறுத்தனர். நம் மக்களுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவர் சங்கத்தை விட்டு விலகினார். திருவிதாங்கூர்ச் சர்க்காரின் பள்ளிகளைக் கண்காணிக்கும் வேலையேற்று, 1873-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். மேலே இருந்தவரிடம் நாம் எதனைக் கேட்டோமோ, அதனையே கீழே இருந்தவர் நம்மிடங் கேட்டபோது நாம் கொடுக்கவில்லை. தோளிலே சீலை கேட்டு நின்றவர், பிறர்க்குப் பாயிலே இடங் கொடுக்கத் தயங்கினர்.

‘இது பழங்கதை, இப்போது எதற்கு?’ என்று கேட்பார்க்கு நாம் சொல்லும் விடை இது: பழங்கதையாயின், திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் அது ஏன் இன்னும் தலைகாட்டுகின்றது? ஒரு குலத்தின் பெயரால் கூடும் சங்கத்தில் இதனைச் சொல்லுதல் முரண்போலத் தோன்றும். நம் முன்னோர் குலச்சங்கங் கூட்டியது, நம்மை இழிவாக நடத்தாதீர் என்று சொல்லுதற்கே. பிறரை இழிவாக நடத்தும் உரிமையைக் காத்தற்குச் சங்கம் வேண்டா. அது சங்கமின்றியும் நடைபெறும் தீமை.

ஆகவே நாம் இரண்டு வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றோம். முதலாவது: நம் வீட்டுப் பரண்களில் உபதேசியாராக, வாசகராக, உபாத்தியாயராக, வேதாகமப் பெண்ணாக இருந்த முன்னோருடைய நாட்குறிப்பும், சபைக் கணக்கும், ஓலையும் கடிதமும் இருக்கலாம். செல்லரிக்கு முன்னே அவற்றை வெளியே எடுத்து, அவரவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிப் படியொன்று சங்கத்தில் வைப்பீராக. அய்யா வழிக் குடும்பத்தாரும் நிழற்றாங்கல்களின் பழைய குறிப்புகளை அவ்வாறே தருவாராக. நம் பேரப்பிள்ளைகள் துரைமார் பெயரை மட்டும் படித்து வளர்தல் தகாது. இரண்டாவது: அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் நம் குலத்தார் எவர் பெயரும் எழுதப்பட வேண்டா. மயிலாடி வேதமாணிக்கத்தின் பெயரே எழுதப்படுக. நம் இல்ல விருந்துகளில் அவர் குலத்தார்க்கு முதல் வரிசையில் இலையிடப்படுக.

கூலியின்றி வலிந்து செய்விக்கப்பட்டபோது ஊழியம் அடிமைத்தனமாயிற்று. கூலி கருதாது விரும்பிச் செய்யப்பட்டபோது அதுவே தொண்டாயிற்று. செயல் ஒன்றே, செய்தவர் மனமே வேறு. கலயத்தில் இட்ட ஒருபிடி அரிசியும், மழையில் நடந்த உபதேசியாரின் கால்களும், அடிபட்டும் ஆடையை விடாத பெண்டிரின் கைகளும் அச்சொல்லின் பொருளை மாற்றின. மாறிய பொருளை மீண்டும் கெடாமற் காப்பது நம் கடன்.

 வாழ்க நம் மக்கள்! வளர்க கல்வி! ஒழிக உயர்வு தாழ்வு!